நுவரெலியா – மஸ்கெலியா: ஒரு தொகுதியின் கோடும் இடாப்பும்

 

தேர்தல் காலம் வந்தால் நம் கடைத்தெருவிலும் தோட்டத்து வாசலிலும் ஒரே பேச்சுத்தான்: யார் வெல்வார், யாருக்கு எத்தனை விருப்பு வாக்கு, யார் எந்தப் பக்கம் தாவினார். அது தேவையான பேச்சுத்தான். ஆனால் வாக்குப் பெட்டி திறக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே இரண்டு விடயங்கள் முடிவாகிவிடுகின்றன. தொகுதியின் கோட்டை எங்கே போடுவது என்பது ஒன்று. இடாப்பில் யார் பெயரை எழுதுவது என்பது மற்றொன்று. நம் மலைப் பகுதியின் தேர்தல் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், வேட்பாளர்களை விட இந்த இரண்டும்தான் நம் தலைவிதியை அதிகம் எழுதியிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம்

நுவரெலியா மாவட்டத்துக்குள் நான்கு தேர்தல் தொகுதிகள் உள்ளன: நுவரெலியா – மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. இவற்றில் முதலாவது மற்ற மூன்றையும் கூட்டினாலும் எட்ட முடியாத அளவு பெரியது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள், அதாவது மாவட்ட வாக்காளரில் பாதிக்கும் அதிகமானோர், இந்த ஒரே தொகுதியில் இருக்கிறார்கள்.

மேற்கே சிவனொளிபாத மலையின் அடிவாரத்து மஸ்கெலியா தொடக்கம், நோர்வூட், பொகவந்தலாவை, டிக்கோயா, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, நானுஓயா என்று நீண்டு நுவரெலியா நகரம் வரை போகிறது இது. படத்தில் ஒரே நிறம் பூசியிருந்தாலும் நிலம் ஒன்றல்ல. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேற்கே இறங்கி ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. தலவாக்கலைப் பக்கத்து நீரோ கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறதே, அந்த மேட்டை நீர்ப்பிரிமேடு என்று புவியியல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பக்கம் விழும் மழை கொழும்புக்கு, மறு பக்கம் விழும் மழை திருகோணமலைக்கு. தொகுதி மட்டும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மலைகளை ஊர்களாக இணைத்தது தேயிலையும் ரயிலும். கோப்பிப் பயிரை இலை நோய் அழித்த பின்னர் தேயிலை பரவியது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நானுஓயாவைத் தொட்டது. ரயில் நிலையத்தைச் சுற்றிக் கடைவீதி, கடைவீதியில் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பன்சலை. அதற்கு அப்பால் எல்லாத் திசையிலும் தோட்டம். கடைவீதி ஒரு உலகம், தோட்டம் ஒரு உலகம், பள்ளத்தாக்கில் இருக்கும் சிங்களக் கிராமம் இன்னொரு உலகம். இந்த மூன்று உலகங்களையும் எந்தக் கோட்டுக்குள் அடைப்பது என்பதுதான் நூறு ஆண்டுக் கேள்வி.

நிலமும் அப்படியே இருந்துவிடவில்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போனது. இப்போது நாம் போய்வரும் மஸ்கெலியா, மேலே புதிதாக எழுந்த நகரம். வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தொகுதியின் பெயரில் இருக்கும் ஊரே ஒருமுறை இடம் மாறியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

1931: வாக்குரிமை வந்தது, வடிகட்டியும் வந்தது

டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாத வாக்கு. ஆசியாவில் அன்று அது பெரிய அதிசயம். ஆனால் தோட்டத்து மக்களுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்பவர் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது சொத்தும் எழுத்தறிவும் காட்ட வேண்டும், அல்லது ஐந்து ஆண்டு வசிப்பைக் காட்டி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். மற்றவர்களுக்கு வயது போதும். தோட்டத்து மனிதருக்குக் கடதாசியும் வேண்டும். இந்தக் கடதாசிக் கதை அன்றே தொடங்கிவிட்டது.

அப்படியிருந்தும் அரசாங்க சபையின் 50 தொகுதிகளில் ஹட்டனும் தலவாக்கலையும் இடம்பெற்றன. 1931இல் ஹட்டனிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். மலையக மண்ணிலிருந்து வந்த முதல் அமைச்சர் அவர். 1936இல் அதே ஹட்டன் தொகுதி கோ. நடேசய்யரைச் சபைக்கு அனுப்பியது. தொழிற்சங்கத்தையும் பத்திரிகையையும் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாகப் பாடிப் பிரசாரம் செய்தார்.

ஆகவே வாக்கு எப்படிப் போடுவது என்று நம் மக்களுக்குப் பிறகு வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த நாடு வாக்களிக்கப் பழகிய அதே நாளில்தான் நம் மக்களும் பழகினார்கள்.

1947: நான்கு தொகுதி, நான்கு வெற்றி

சோல்பரி யாப்பின் கீழ் வந்த எல்லை நிர்ணயத்தில் ஒரு கணக்கு இருந்தது. 75 ஆயிரம் பேருக்கு ஒரு ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலும் ஒரு ஆசனம். "75 ஆயிரம் பேர்" என்றுதான் சட்டம் சொன்னது, "75 ஆயிரம் வாக்காளர்" என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1947 பொதுத் தேர்தலில் இன்றைய நம் தொகுதிக்குள் அடங்கும் நிலம் நான்கு தொகுதிகளாக இருந்தது. நான்கிலும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா. பின்னர் இடைத்தேர்தல் மூலம் மஸ்கெலியா ஆசனத்துக்கு வந்தவர் அப்துல் அஸீஸ். தோட்டத் தொழிலாளர் வாக்கில் ஒரு முஸ்லிம் தொழிற்சங்கத் தலைவர் பாராளுமன்றம் போனார். "நமக்கும் தோட்டத்து அரசியலுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கும் நம் இளைஞர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நான்கு வெற்றியோடு கதை நிற்கவில்லை. சுற்றியுள்ள பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்குத் துணை நின்றன. ஆட்சியில் இருந்தவர்கள் அந்தக் கணக்கைக் கவனமாகப் பார்த்தார்கள்.

1948, 1949: கோடு இருந்தது, பெயர் போனது

அடுத்து நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் வரிசையாகச் சொல்ல வேண்டும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் யார் இலங்கைப் பிரஜை என்று வரையறுத்தது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதியும் வழக்கமே சரியாக இல்லாத காலத்துப் பாட்டனுக்கு லயத்திலிருந்து யார் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவருவது? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் "இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்" விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்று ஒரு சிறிய வாசலைத் திறந்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜையல்லாதோர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்றது. மூன்று சட்டம், ஒரு பூட்டு.

"இந்திய, பாகிஸ்தானிய" என்ற அந்தப் பெயரைக் கவனித்தீர்களா? தேயிலை கொய்தவர் மட்டுமல்ல, கடைவீதியில் துணிக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் அதே வரிசையில் நின்றுதான் விண்ணப்பம் எழுதின. லயத்துக்கும் கடைக்கும் ஒரே பூட்டுத்தான்.

விண்ணப்பித்தவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஒரு எழுத்துப் பிழை, ஒரு திகதி மாற்றம், இந்தியாவுக்கு ஒருமுறை போய்வந்த பயணம், எல்லாமே நிராகரிக்கக் காரணமாயின.

இடாப்பில் பெயர் இல்லாமல் போனதை எதிர்த்துக் கோடக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையைக் காக்கும் என்று நம்பியவர்களுக்கு அது பேரிடி.

1952 தேர்தலில் தலவாக்கலையைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முன்னர் சுமார் 19 ஆயிரம் பெயர் இருந்த இடாப்பில் மூவாயிரம் பெயர் கூடத் தேறவில்லை. மலை அப்படியே, லயம் அப்படியே, கொழுந்துக் கூடை அப்படியே. தொகுதிக் கோட்டையும் யாரும் அசைக்கவில்லை. பெயர் மட்டும் இல்லை. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை. தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

ஆளை எண்ணு, வாக்கைக் கொடுக்காதே

இப்போது அந்த "75 ஆயிரம் பேர்" என்ற சொல்லுக்கு வருவோம். ஆசனங்கள் ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரிக்கப்பட்டன. தோட்டத்தில் இருப்பவர் பிரஜையோ இல்லையோ, அவரும் ஒரு ஆள்தான். ஆகவே 1959 எல்லை நிர்ணயத்தில் ஆசனங்கள் 151 ஆகக் கூடியபோது, தோட்ட மக்களின் தலையும் எண்ணப்பட்டு மலைநாட்டுக்கு ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனத்துக்கு வாக்களித்தவர்களோ அதே பகுதியின் பிரஜைகள் மட்டும். தலவாக்கலை, கொட்டகலை என்ற பெயர்கள் தொகுதிப் பட்டியலிலிருந்தே மறைந்தன. நுவரெலியாவும் மஸ்கெலியாவும் எஞ்சின.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க ஒரு எளிய கணக்கு. 40 மாணவர் உள்ள வகுப்பு என்று காட்டி அதிபரிடம் 40 கதிரை வாங்குகிறோம். பிறகு 30 பேரை வெளியே நிறுத்திவிட்டு 10 பேர் மட்டும் 40 கதிரையையும் பகிர்ந்துகொள்கிறோம். வெளியே நிற்பவர் இல்லாவிட்டால் கதிரை வந்திருக்காது. ஆனால் உட்கார அவருக்கு இடமில்லை.

இதில் கிராமத்துச் சிங்கள விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தமக்கு இருந்த வாக்கைப் போட்டார். கணக்கை எழுதியவர்கள் வேறு. அந்தக் காலத்தில் தெரிவான உறுப்பினர் தோட்டத்துக்கு ஒரு பாதை போடவோ பாடசாலை கட்டவோ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாக்கில்லாத இடத்துக்கு யார் பாதை போடுவார்? நம் தோட்டப் பாதைகளும் பாடசாலைகளும் ஏன் இத்தனை காலம் பின்தங்கின என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இடையில் 1954இன் நேரு – கொத்தலாவலை ஒப்பந்தம், பிரஜைகளாகப் பதிவு பெற்றவர்களுக்குத் தனி இடாப்பு என்று ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. அந்தத் தனி இடாப்பில் ஒரு தேர்தலும் நடக்கவில்லை. 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். 1970இல் அஸீஸ் நியமனம் பெற்றார். மக்கள் தெரிவுசெய்து அனுப்பிய காலம் போய், பிரதமர் பார்த்துக் கொடுக்கும் ஆசனத்தில் மலையகம் உட்கார்ந்திருந்த காலம் அது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்ப்போம். அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மக்களைக் கேட்காமலே மக்களைப் பங்கு போட்டார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

1977: டெவன் தோட்டமும் மூன்று வாக்கும்

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சிகளும் வந்தன. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரிக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிர்விட்டார். திட்டம் நின்றது. நிலத்தில் யார் இருப்பது என்பதுதான் நாளை இடாப்பில் யார் இருப்பது என்பதையும் முடிவு செய்யும் என்று அந்தத் தொழிலாளர்களுக்கு எந்த ஆசிரியரும் பாடம் எடுக்கவில்லை. அவர்களாகவே உணர்ந்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 21, பொதுத் தேர்தல். அதற்கு முந்திய ஆண்டு எல்லை நிர்ணய ஆணைக்குழு ஒரு புதிய காரியம் செய்திருந்தது. நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் இணைத்து, மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் ஒரே பல்லங்கத்தவர் தொகுதியாக்கியது. "நுவரெலியா – மஸ்கெலியா" என்று நாம் இன்றும் இடையில் கோடு போட்டு எழுதும் பெயர் அப்போது பிறந்ததுதான்.

இதன் சூட்சுமம் இதுதான். அந்தத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. மூவருக்குப் பிரித்தும் கொடுக்கலாம், மூன்றையும் ஒருவருக்கே அள்ளியும் கொடுக்கலாம். சிறு தொகையினர் சிதறாமல் ஒருவரிடம் குவித்தால் மூன்றாவது ஆசனமாவது கைக்கு வரும். அப்படியே நடந்தது. முதலாவதாக ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, இரண்டாவதாக ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, மூன்றாவதாக இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான். முப்பது ஆண்டுக்குப் பிறகு தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அவர் அமைச்சரானார்.

ஐக்கிய தேசியக் கட்சி நாட்டையே வாரிக்கொண்ட தேர்தல் அது. சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதும் எட்டே எட்டு ஆசனம். அதில் ஒன்று நம் தொகுதியில்தான் கிடைத்தது. ஒரே கோட்டுக்குள் மூன்று கட்சிக்கும் இடம் கிடைத்ததென்றால், அது கோட்டைப் போட்ட விதத்தின் பலன்.

முஸ்லிம் வாசகர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 1977இல் நாட்டில் இப்படிப் பல்லங்கத்தவர் தொகுதிகள் ஆறு இருந்தன. நம்முடையதைத் தவிர மற்றவை கொழும்பு மத்தி, பேருவளை, ஹரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில். ஐந்திலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பேருவளையில் பாக்கீர் மாக்கார், ஹரிஸ்பத்துவவில் ஏ. சீ. எஸ். ஹமீத் தெரிவானது இந்த ஏற்பாட்டில்தான். மலையகத் தமிழருக்கு நுவரெலியாவில் திறந்த கதவும், முஸ்லிம்களுக்குப் பேருவளையில் திறந்த கதவும் ஒரே தச்சன் செய்தவை.

விகிதாசாரம் வந்த பிறகு

1978 யாப்பு தொகுதி முறையை விட்டு மாவட்ட விகிதாசாரத்துக்குப் போனது. பழைய தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் நின்றன. 1982 சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் காலம் நீண்டதால், புதிய முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. அதற்கிடையில் 1986, 1988 சட்டங்கள் நாடற்றவர் என்று எஞ்சியிருந்தோர் பலருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1949இல் பூட்டிய பூட்டைத் திறந்து முடிக்க 54 ஆண்டு சென்றது.

பெயர்கள் இடாப்புக்குத் திரும்பத் திரும்ப முடிவுகளும் மாறின. 1994இல் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் நம் மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக நின்று வென்றார். அந்தத் தேர்தலில் சந்திரிகா அம்மையாரின் கூட்டணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, சந்திரசேகரன் ஒருவர். கூட்டிப் பாருங்கள்: 113. 225 பேர் கொண்ட சபையில் ஆட்சியமைக்கத் தேவையான எண்ணிக்கை சரியாக அதுதான். ஒரு காலத்தில் வாக்காளர் என்றே எண்ணப்படாத மக்களின் ஒரு ஆசனம் ஆட்சியைத் தீர்மானித்தது.

2015இலும் 2020இலும் மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தமிழ்ப் பிரதிநிதிகளுக்குக் கிடைத்தன. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 5, ஐக்கிய மக்கள் சக்தி 2, ஐக்கிய தேசியக் கட்சி 1 என்று ஆசனங்கள் பிரிந்தன. எட்டுப் பேரில் நால்வர் தமிழர். அவர்களில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் ஒருவர். பதுளையின் அம்பிகா சாமுவேலும் இவரும்தான் மலையகத்திலிருந்து மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்ற முதல் பெண்கள். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்று பார்த்தால், இது எவ்வளவு தாமதம் என்பது விளங்கும்.

உள்ளூர் மட்டத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. அம்பகமுவ பிரதேச சபையிலும் நுவரெலியா பிரதேச சபையிலும் தலா இரண்டு இலட்சத்துக்கும் அதிக மக்கள் இருந்தார்கள். நாட்டின் பல பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கே ஒரு சபை உண்டு. பலருடைய முயற்சியின் பின் இந்த இரண்டும் ஆறாகப் பிரிந்தன: அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட், நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை. 2018 பெப்ரவரித் தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அதே ஆண்டு திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்து மனிதர் சபைக்கு வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், ஆனால் சபைப் பணத்தில் தன் லயத்துப் பாதைக்கு ஒரு தார்ப் பீப்பாய் கொண்டுவருவது சட்டச் சிக்கலாக இருந்தது. யாரும் புதிதாகப் பிறக்கவில்லை, யாரும் இடம்பெயரவில்லை. கோடும் சட்டமும் மாறியதும் சேவை கிட்டே வந்தது.

இப்போது நம் முன் இருப்பது

இது பழங்கதை இல்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றி, பாதி ஆசனம் தொகுதிவாரி, பாதி விகிதாசாரம் என்றார்கள். அதற்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அந்த இடத்தில் சிக்கிய விடயம்தான் இத்தனை ஆண்டாக மாகாண சபையை நிறுத்தி வைத்தது.

தொகுதி முறை எந்த வடிவத்தில் திரும்பினாலும் கோடு மறுபடியும் போடப்படும். 2012 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். நூற்றுக்கு 53 பேர் மலையகத் தமிழர், ஏறத்தாழ 40 பேர் சிங்களவர், முஸ்லிம்கள் இரண்டரை. முஸ்லிம்களாகிய நாம் கடைவீதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி வாழ்கிறோம். எந்தக் கோடு போட்டாலும் நமக்கென்று ஒரு தொகுதி விழாது. விகிதாசாரத்தில் தனியே நின்றாலும் ஐந்து வீத வெட்டுப்புள்ளியைத் தாண்ட மாட்டோம். ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலைக்குள் சிதறியிருக்கும் தோட்ட மக்களுக்கும், தோட்டங்களின் நடுவே தனித்திருக்கும் சில சிங்களக் கிராமங்களுக்கும் இதே நிலைதான். ஒற்றை உறுப்பினர் தொகுதிகளாக மட்டும் வெட்டினால் இவர்கள் எல்லாருமே கோட்டின் ஓரத்தில் விடப்படுவார்கள்.

இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1976இல் இதே மலையில் பல்லங்கத்தவர் தொகுதி என்று ஒரு விடை எழுதப்பட்டு, 1977இல் அது வேலையும் செய்தது. எல்லை நிர்ணயக் குழு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது அரசியல்வாதி மட்டும் போய்ப் பேசினால் அவர் தன் ஆசனத்துக்காகப் பேசுவார். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் பன்சலையின் தாயக சபையும் வர்த்தக சங்கமும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரே பக்கத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெறுமதி வேறு. அதை எழுத நம்மூரில் ஆட்கள் இருக்கிறார்கள். மலை எது, ஆறு எது, எந்தத் தோட்டத்துப் பிள்ளை எந்தப் பாடசாலைக்கு வருகிறது, எந்தக் கிராமம் எந்தச் சந்தைக்கு வருகிறது என்பது கொழும்பில் வரைபடம் விரிப்பவரை விட நமக்குத் தெரியும்.

அதற்கு முன், இடாப்பு. கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தை அடுப்படியில் வைத்து மறந்துவிடாதீர்கள். லயத்திலிருந்து புதிய வீட்டுக்கு மாறியவர்கள் பதிவும் மாறியதா என்று பாருங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பிள்ளையின் பெயர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் இடாப்பில் வேறு எழுத்துமாக இருந்தால் இப்போதே திருத்துங்கள், தேர்தல் நெருங்கும் வரை காத்திருக்க வேண்டாம். 18 வயது நிறைந்த ஒவ்வொரு மாணவரின் பெயரும் ஏறியிருக்க வேண்டும். இதில் ஆசிரியர்களாகிய நம் பொறுப்பும் உண்டு. குடியியற் கல்விப் பாடத்தில் வாக்குரிமையை விளக்கிவிட்டுப் பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று கேட்காமல் விட்டால் பாடம் பாதியில்தான் நிற்கும்.

1949இல் பெயரை வெட்டியவர்களுக்கு மூன்று சட்டம் தேவைப்பட்டது. இன்று நம் பெயர் விடுபட யாரும் சட்டம் போட வேண்டியதில்லை, நம் கவனக்குறைவே போதும்.

பெரியவர்கள் 1977 தேர்தலில் மூன்று வாக்கையும் எப்படிப் போட்டீர்கள், யார் சொல்லித் தந்தார்கள் என்று நினைவிருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வாக்கில்லாத காலத்தில் தேர்தல் நாள் தோட்டத்தில் எப்படிக் கழிந்தது என்று தாத்தா, பாட்டி சொன்ன கதை இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த பதிவில், இன்ஷா அல்லாஹ், நம் கடைவீதிகள் உருவான கதையைப் பார்ப்போம்.